வளை இறுகிய கழுத்துகள்

கடல் வாழ்க, கடலைக் காக்கும் துறைகள் வாழ்க. மூன்று துறைகளையும் ஒரு மலையையும் ஒரு குடைக்கீழ் ஆளும் வலஞ்சுழி நாட்டுக் கோமான் விறல்மாறர் திருமுன்பு, முகிற்கோட்டைக் காவல்தலைவன் நெடுங்கீரன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தலை தாழ்த்தி என்று வழக்கப்படி எழுதினேன். என் கழுத்து இப்போது தாழ்வதில்லை.

வாள் ஏற்கும் நாளில் வீரன் கழுத்தில் தேவரீரின் இலச்சினை பொறித்த இரும்பு வளையைப் பூட்டி ஆணி அறைவது நம் வழக்கம். அதை அறுப்பவன் தலை இழப்பான். உள்ளத்தில் வஞ்சம் புகுந்தால் வளை தானே இறுகும் என்பதை நாட்டார் யாவரும் நம்பினர். நான் எல்லோரினும் மிகுதியாக நம்பினேன்.

இம்மலை ஏறிய நான்காம் ஆண்டில் எயினன் என்னும் வில்வீரனின் வளை இறுகிற்று. அவன் குரல் கரகரத்தது; நடை தளர்ந்தது; குறைவாக உண்டும் உடல் ஊதிற்று. வஞ்சகன் இயல்பு இதுவென்று கொண்டேன். உங்களை நான் யாரிடம் விற்றேன் தலைவரே, இங்கே வாங்குவதற்கு ஆடுகளைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று அவன் கேட்க, சூழ நின்ற வீரர் சிரித்தனர். நானும் சிரித்தேன். பிறகு வாளை எடுத்தேன். வளைக்கு மேலே வீக்கம் பிதுங்கி நின்றதால் வெட்ட இடமில்லை; கீழே மூன்று முறை வெட்டினேன். அவனுக்குப் பின், அவ்வாறே வளை இறுகிய எண்மரை வெட்டினேன்.

சென்ற கார்த்திகையில் என் வளை இறுகிற்று. விழுங்கிய சோறு பாதியில் நின்றது. என் நெஞ்சை அடிவரை துழாவினேன். தேவரீருக்கு எதிராக ஒரு சொல்லும் அங்கே இல்லை. அப்படியானால் எயினன் நெஞ்சிலும் இருந்திராது. அதை உணர்ந்த பின் ஏழு நாள், நான் வெட்டிய ஒன்பதின்மரின் வளைகளைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தேன்.

எட்டாம் நாள் அடிவாரத்து மருத்துவர் தேவநந்தியாரை வரவழைத்தேன். அவர் ஒவ்வொரு தொண்டையாகத் தடவி, இது கலகண்டம் என்னும் கழலை என்றும், வாதமும் கபமும் கொழுப்போடு கூடிக் கழுத்தில் திரள்வது என்றும், மலைநீரையே குடித்துக் கடலுணவு காணாதோர்க்கு வருவது என்றும் உரைத்தார். மந்தாரைப் பட்டையும் சுக்கும் இட்ட கசாயம், வாற்கோதுமைக் கஞ்சி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்பாசியும் கருவாடும் வேண்டும் என்றார். மூச்சு முட்டிக் குரல் உடைந்து ஓராண்டு கடந்தவரை நூல்கள் கைவிடச் சொல்கின்றன; என் வீரரில் நோயுற்ற எண்பத்து மூவருக்கு இன்னும் ஓராண்டு நிறையவில்லை. ஆயினும் இரும்பு நெரிக்கும்வரை எந்த மருந்தும் தொண்டையில் இறங்காது என்று அவர் சொன்னார். அன்றே உளி எடுத்து அத்தனை வளைகளையும் அறுத்தேன்.

செய்தி எட்டியதும் தேவரீர் அனுப்பிய தண்டநாயகர் அழிசியார், வளை அறுத்தோர் யாவரும் மடிக என்னும் ஆணையோடு வந்தார். தலை போனால் கழலையும் போகும், உம் வைத்தியத்தைவிட இது விரைவு என்று நகைத்து, மருத்துவரின் முடியைப் பற்றி வாளை ஓங்கினார். வளை அறுத்த உளி அப்போதும் என் இடையில் இருந்தது. அதை அவர் தொண்டையில், வளைக்கும் தாடைக்கும் நடுவே இறக்கினேன். கடற்கரையில் உண்டு வளர்ந்த அவர் கழுத்தில் வளை தளர்வாகவே கிடந்தது. உளி தடையின்றிப் புகுந்தது. அவரோடு வந்த அறுவர் கதவருகே வீழ்ந்தனர். குருதியைக் கழுவ, எங்களுக்கு நோய் தந்த அந்த மலைச் சுனைநீரே போதுமானதாக இருந்தது.

இக்குற்றம் முழுதும் என்னுடையது. எண்பத்து மூவர் மீது ஒரு துளியும் இல்லை. ஆதலின் என் வேண்டுகோள், சாகப்போகிறவன் இடும் கட்டளையாகவும் கொள்ளப்படுக: பன்னிரு வண்டிகளில் கருவாடும் கடற்பாசியும் ஏற்றி உடனே அனுப்புக, அவற்றோடு கொலைவாளையும் அனுப்புக. முதலில் வண்டிகளை இறக்கட்டும். என் வீரர் ஒரு வேளை உண்டு முடிக்கட்டும். பின்னர் என் தலையை ஏற்றிச் செல்லட்டும்.

எயினன் முதலாய ஒன்பதின்மரின் வளைகளை அவரவர் இல்லத்தில் சேர்த்து, இவர்கள் வஞ்சகர் அல்லர் என்று தேவரீர் வாயால் அறிவித்தருள்க.

இவ்வோலைக்கு, அறுபட்ட என் வளையின் இரு துண்டுகளையும் களிமண்ணில் அழுத்தி முத்திரை இட்டேன். இலச்சினை இரண்டாகவே விழுந்திருக்கிறது. வெட்ட வருபவனுக்கு ஒரு குறிப்பு: வீக்கத்துக்குக் கீழே வெட்டுக, ஒரே வீச்சு போதும்.