ஏலம் முடியுமுன் கிடைத்த தொப்பி

பிஷ்கெக்

அன்புள்ள பெர்மெத்,

அம்மாவுக்கு என் வணக்கம். உன் கால்வீக்கம் வடிந்ததா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே நேற்று ஒரு கூத்து. ஜப்பான் ஆன்லைன் ஏலத்தில் வாடிக்கையாளருக்குக் கார் பிடித்துக் கொடுப்பதுதானே எங்கள் பிழைப்பு, ஜெயித்தால்தான் கமிஷன். வண்டி கேட்டு வந்த மாம்பெத் பெரியவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திரையில் எங்கள் விலைதான் மேலே. நேரம் முடியுமுன்பே, "சூயுஞ்சு! வண்டி உங்களுக்குத்தான்!" என்று கத்திவிட்டேன். நல்ல சேதிக்குப் பரிசாகச் சூயுஞ்சு கேட்டவனை வெறுங்கையோடு விடுவாரா? தன் கல்பாக் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். அதற்குள் எவனோ விலையை ஏற்றினான். ஏலம் நீண்டது, வண்டி போயே போய்விட்டது.

வெட்கத்தோடு தொப்பியை நீட்டினேன்.

"சூயுஞ்சு குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் எங்க வம்சத்துலயே இல்லடா. நீயே வச்சுக்க. சேதிதான் பாக்கி!" என்றார்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் வேன் டிரைவரிடம் காய்ந்த தயிர் உருண்டையும் கம்பளிக் காலுறையும் கொடுத்துவிடு. எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. கணினியில் ஏல மணி அடித்தால்கூட உன் போன் என்று எழுந்துவிடுகிறேன்.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். பிள்ளை பிறந்ததும் அந்தச் சேதியை யாரையும் முந்தவிடாமல் நீயே சொல். தொப்பியை உனக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

உன் ஜிர்கல்