தங்கமே ஒளிர்ந்தது, தீதி

கொல்கத்தா, ஜூலை 4

அன்புள்ள ஊர்மிமாலா தீதி,

நமஸ்காரம். இன்னும் உங்களை தீதி, அதாவது அக்கா என்றுதான் அழைக்கிறேன்; ஆனால் போனில் பேச எனக்குத் துணிவில்லை. அதனால் தபால்.

மூன்று வருடங்களுக்கு முன் இங்கே ஆய்வகத்தில், லேசர் பட்டு மங்கலாக மினுங்கும் நம் தங்க நுண்துகள்கள்மேல் ஒளிர்சாயம் ஏற்றினீர்கள். வெளிச்சம் மளமளவென்று கூடியது. "தங்கமேதான் கூடுதலா ஒளிருது" என்றீர்கள். நான் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து, "அது சாயத்தோட வெளிச்சம் தீதி, இதுகூடத் தெரியலையா?" என்றேன். அரங்கமே சிரித்தது. அடுத்த மாதமே ஆய்வை விட்டுவிட்டு, ஜல்பாய்குரிக் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டீர்கள்.

நேற்று புதிய கருவியில் பார்த்தேன். லேசரை நிறுத்தினால் தங்கத்தின் ஒளி சட்டென்று அணையும். சாயத்தினுடையது கொஞ்சம் தாமதித்து அணையும். கூடுதல் வெளிச்சம் அத்தனையும் சட்டென்று அணைந்தது, தீதி! ஏழு முறை பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. என்னை மன்னிப்பீர்களா?

தேபாரதி

ஜல்பாய்குரி, ஜூலை 9

தேபாரதி,

அவசரக்குடுக்கை! தங்கத்தை ஒட்டி நிற்கும் சாயமும் சட்டென்று அணையலாமே. அப்படியானால் நான்தான் தப்பு. வெளிச்சத்தை உறிஞ்சும், ஆனால் தான் ஒளிரவே ஒளிராத சாயத்தை ஏற்றிப் பார். அப்போதும் கூடினால்தான் அது தங்கம்.

நீ அன்று கேட்டது சரியான கேள்வி. அந்தச் சிரிப்புதான் இரண்டு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை.

இதை எழுதும்போது என் டீ ஆறிப்போய்விட்டது. சீக்கிரம் செய்து பார்.

ஊர்மிமாலா

கொல்கத்தா, ஜூலை 17

தீதி, தீதி, தீதி!

கூடியது! ஒளிராத சாயத்திலும் கூடியது! சாயம் வாங்கிய ஆற்றலைத் தங்கத்துக்குக் கொடுக்கிறது, தங்கம் ஒளிர்கிறது. இன்று கூட்டத்தில் அதே இடத்தில் எழுந்து சொன்னேன்: "அன்னைக்குத் தப்பாப் பேசினது நான். தீதி சொன்னதுதான் சரி." யாரும் சிரிக்கவில்லை. வருவீர்களா?

உங்கள் தேபா

ஜல்பாய்குரி, ஜூலை 22

அன்பு தேபா,

உன் கடிதத்தை வகுப்பிலேயே பிரித்துவிட்டேன். பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறேன். விடுப்புக் கேட்டபோது கல்லூரி முதல்வர், "என்னம்மா திடீர்னு? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க சார். என் தங்கச்சி ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா, போய்ப் பாக்கணும்" என்றேன்.

ஊர்மி தீதி