காலிக் கட்டங்கள்

ஜனவரி 1

அன்புள்ள கஞ்சிக்கு,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய். நம் நிர்வாகத்தின் மூன்று ஆஸ்பத்திரிக்கும் நர்சிங் சூப்பிரண்டெண்ட் ஆன பிறகு உனக்கென்ன குறை? சீருடைக்கு இன்னும் நீயேதான் கஞ்சி போடுகிறாயா, ஆள் வைத்துவிட்டாயா?

பயிற்சி விடுதியில் தொடங்கிய வழக்கப்படி ஆளுக்கொரு புத்தாண்டு உறுதிமொழி. போனில் சொன்னால் பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்று நீ சாதித்துவிடுவாய் என்பதால் எழுத்தில். மதியம் உட்கார்ந்து சாப்பிடுவேன் என்ற என் போன வருடத்து உறுதி நாலு நாள் ஓடியது.

இந்த வருடம் விளையாட்டில்லை. செய்யாததைச் செய்ததாக எழுத மாட்டேன்.

என் வார்டில் ஒரு தையல்காரர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, சார்ட்டில் அந்தந்த நேரத்துக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்து நாலு பேருக்கு நாங்கள் இரண்டு பேர். டூட்டி முடியும்போது எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிட்டுக் கிளம்புவோம். போன வாரம் போர்வையை விலக்கினால் இடுப்பில் படுக்கைப் புண், இரண்டு விரல் உள்ளே போகிறது. சார்ட்டில் ஒரு கட்டம் காலியில்லை. பாதி என் கையெழுத்து. எனக்கே என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

உன் உறுதிமொழியை எழுது.

உன்
மிளகாய்


ஜனவரி 7

என் அருமை மிளகாய்க்கு,

வருடம் பிறந்ததும் பிறக்காததுமாகக் காரமா? உன் கடிதத்தைப் படித்து மனசு கஷ்டப்பட்டது. கஞ்சி இப்போதும் நானேதான் போடுகிறேன், ஆள் வைத்தால் மொடமொடப்பு வருவதில்லை.

என் உறுதிமொழி: இந்த வருடத்துக்குள் ஒவ்வொரு வார்டுக்கும் இன்னும் இரண்டு நர்ஸ் வாங்கித் தருவேன். மார்ச்சில் ஆய்வுக் குழு வருகிறது. தரச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் ஆள் எடுப்பதாக நிர்வாகி வாய் திறந்து சொல்லியிருக்கிறார். அதுவரை இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரையும்போல எழுதிவிடு. உன் உறுதிமொழி எங்கேயும் ஓடிப்போகாது. முட்டி வலி எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடு.

பிரியமுடன்
கஞ்சி


ஜனவரி 25

கஞ்சிக்கு,

முட்டி வலி இருக்கட்டும். இரண்டு மாதம் பல்லைக் கடிக்கச் சொல்கிறாயே, புண் இருப்பது என் பல்லில் இல்லை.

என் டூட்டியில் நாலு கட்டம். ஓடி ஓடி இரண்டு முடிகிறது. இரண்டில் கையெழுத்து, இரண்டு காலி. சின்ன நர்ஸுகள் என்னோடு பேசுவதில்லை. என் சார்ட்டுக்குப் பக்கத்தில் அவர்களுடையது பொய்யாகத் தெரிகிறதாம். தெரியட்டுமே. டாக்டர் ரவுண்ட்ஸில், சார்ட் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது என்றார். புண்ணைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லவில்லை.

தையல்காரரின் மனைவியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "எப்படித் திருப்பணும்னு காட்டிக் குடுங்க" என்றார். அந்த அம்மாள் கையிலும் தையல் ஊசி குத்திய தழும்புகள். இப்போது நான் விட்டதை அவர் திருப்புகிறார்.

உன்னை ஒன்று கேட்கிறேன். எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தால், இரண்டு பேரே போதும் என்றுதானே உன் நிர்வாகி நினைப்பார்? எந்த முகத்தை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு பேர் கேட்பாய்? நீ வாதாட வேண்டியது என் காலிக் கட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு. அதை நிரப்பச் சொல்கிறாயே, உனக்குப் புத்தி எங்கே போயிற்று?

மிளகாய்


பிப்ரவரி 20

மிளகாய்க்கு,

புத்தி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. வார்டில் நின்றுகொண்டு பேசுவது சுலபம். கூட்டத்தில் பத்து பேர் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு பஞ்சுக்கும் பதில் சொல்பவள் நான். உன்மேல் வந்த புகார் மூன்றையும் இழுப்பறையில் போட்டு மூடியிருக்கிறேன், அது உனக்குத் தெரியாது.

மார்ச் 12 ஆய்வு. இரண்டு நாள் முன்பே உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ரெக்கார்டு எல்லாம் பார்ப்பேன். என்னைத் தலைகுனிய வைத்துவிடாதே. தோழியாகக் கேட்கிறேன்.

கஞ்சி


மார்ச் 16

சூப்பிரண்டெண்ட் அம்மாவுக்கு,

வந்தாய். நான் வார விடுமுறையில் இருந்த நாளாகப் பார்த்து வந்தாய். சின்ன நர்ஸுகளைத் தட்டிக்கொடுத்தாயாம், எனக்கு ஆரஞ்சு வாங்கி வைத்துவிட்டுப் போனாயாம். என் காலிக் கட்டம் அத்தனையிலும் என் கையெழுத்தைப் போட்டுவிட்டும் போயிருக்கிறாய். விடுதியில் எனக்காக வருகைப் பதிவேட்டில் போட்டுப் பழகிய கைதானே அது. எழுத்தின் வால் சுழிப்பதுகூட அப்படியே இருக்கிறது.

ஆனால் யாருடைய சார்ட் என்று நீ பார்க்கவில்லை. தையல்காரர் 9ஆம் தேதி காலை ஒன்பது நாற்பதுக்கு இறந்துவிட்டார். மீதிக் கட்டங்களில் கோடு போட்டு மூடாமல் விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கை ஒழியவில்லை. அந்தக் கட்டங்களையும் நீ நிரப்பினாய். பத்து மணிக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு. செத்தவரை மூன்று தடவை திருப்பிப் படுக்கவைத்திருக்கிறேன் நான்.

ஆய்வுக்கு வந்த அம்மாளின் விரல் அங்கேதான் நின்றது. "அப்போ பத்து மணிக்கு யாரைத் திருப்பினீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்தேன். நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். இருபத்திரண்டு வருடப் பழக்கம் நமக்கு. நானும் அங்கே உன் பெயரைச் சொல்லாமல் விட்டேன், அந்த ஆத்திரம் வேறு.

சனிக்கிழமை எனக்கு மெமோ. அடியில் உன் கையெழுத்து. அதைப் போடவாவது உனக்குக் கை கூசியிருக்க வேண்டாமா? பதில் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேலை நீக்கமாம். இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

மெமோவில் இரண்டு கேள்வி. இது உங்கள் கையெழுத்தா? இல்லை என்று எழுதிவிட்டேன். இல்லையென்றால் யாருடையது? அந்தக் கேள்விக்குக் கீழே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பதில் உன் மேசை வழியாகத்தான் நிர்வாகிக்குப் போக வேண்டும், அதனால் இத்துடன் வைத்திருக்கிறேன். காலி இடம் கண்டால் நிரப்பாமல் இருக்க உன்னால் முடியாதே. இதையும் நிரப்பு. இந்தத் தடவை உன் பெயரில்.

வெள்ளிக்கிழமை காலை வரை பார்ப்பேன். பிறகு நானே போய்ச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இருக்காது. ஆரஞ்சை வார்டில் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு
ஸ்டாஃப் நர்ஸ், மூன்றாம் வார்டு


மார்ச் 20, வெள்ளி

மிளகாய்க்கு,

உன் கடிதம் மூன்று நாள் என் மேசைமேல் கிடந்தது. இன்று காலை எழுதிவிட்டேன். முழுப் பெயர், பதவி, தேதி. நானே எடுத்துக்கொண்டு போய் நிர்வாகியிடம் கொடுத்தேன். வேகமாகப் போட்டதில் என் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. அவர் இது நீங்கள் போட்டதுதானா என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். உன் மெமோவை ரத்து செய்துவிட்டார்கள். என்னை என்ன செய்வது என்று திங்கட்கிழமை கூடிப் பேசுகிறார்கள்.

வார்டுக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டேன். இந்த நிலைமையில் கேட்கிறீர்களா என்றார். வேறு எந்த நிலைமையில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கோபம் தீர்ந்தால் எழுது. தீராவிட்டாலும் எழுது, திட்டியாவது எழுது.

கஞ்சி