வருடக் கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

வாசல் பூட்டு இன்றும் மக்கர் செய்தது. சாவியை இடப்பக்கமாக அழுத்தி, கதவைத் தோளால் இரண்டு இடி இடித்துப் பூட்டுவதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது. மாற்றலாம் என்றால் அம்மாவுக்குக் கோபம் மூக்குமேல் வருகிறது. "நல்லா இருக்கிற பூட்டை எதுக்குடி மாத்தணும்?" நல்லா இருக்கிற பூட்டாம்!

நூலகத்தில் மரண அறிவிப்புத் தளத்தின் சந்தாவைப் புதுப்பித்துவிட்டார்கள். பழைய செய்தித்தாள்களில் வந்த அறிவிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தேட வருகிறவர்களுக்கு உதவுவது என் வேலை. மதிய இடைவேளையில் நானும் அப்பாவைத் தேடுவேன், மூன்று வருடமாக. அவர் பெயர், நான் முதல் வகுப்புப் படித்த வருடம். இன்றும் 'முடிவுகள் இல்லை'. ஆறு வயதில் அப்பாவைப் பறிகொடுத்தேன். அவருக்கு நாலு வரி போடக்கூட ஆளில்லையா? மனசு ஆறவில்லை.

மார்ச் 5, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் தன் அண்ணனைத் தேடி வந்தார். பெயர், ஊர், வருடம் எல்லாம் போட்டார், ஒன்றும் வரவில்லை. எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன். "வருஷக் கட்டத்தைக் காலியா விடுங்க சார். வீட்ல சொல்ற வருஷம் பாதி நேரம் தப்பா இருக்கும்."

"அப்படிப் போட்டா ஊர்ல செத்தவன் எல்லாம் வந்து நிப்பானேம்மா" என்றார்.

செய்து காட்டுகிறேன் என்று, விரலுக்குப் பழகிப்போன பெயரை அடித்தேன். அப்பா பெயர். வருடம் காலி.

ஒரு முடிவு.

லிஃப்ட் மெக்கானிக். வயது 52. பிறந்த தேதி அதே. படத்தில் இடது புருவத்தை வெட்டும் தழும்பு — அம்மாவின் கல்யாணப் படத்தில் இருக்கிற அதே தழும்பு. இறந்தது பதினோரு வருடத்துக்கு முன்பு.

பதினோரு வருடம்! அப்போது எனக்கு இருபத்து நான்கு. இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"தெரிஞ்சவராம்மா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவருடைய அண்ணனை அதற்கப்புறம் தேடினேனா, இல்லையா? ஒன்றும் நினைவில்லை.

ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டு, என் கட்டத்தை மட்டும் தினமும் நிரப்பியிருக்கிறேன். அம்மா சொன்ன வருடமாயிற்றே. அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

மார்ச் 6

பதினெட்டு வருடம் உயிரோடு இருந்திருக்கிறார். பதினெட்டு. தலைவலியா என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணாங்கிளாஸ் படிச்சப்ப அப்பா சாகல. கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. போர்வை முடிந்து, தலையணை உறைகளும் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "சண்டை போட்டுட்டுப் போனாரு. நீ ஸ்கூல் விட்டு வந்ததும் வாசப்படியில உக்காந்துக்குவே. சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டே. நாலு மாசம்டி. ஒருநாள் பொறுக்க முடியாம செத்துட்டாருன்னு சொல்லிட்டேன். அழுதே. அப்புறம் எழுந்து வந்து சாப்பிட்டே."

"வளந்த பிறகாவது சொல்லியிருக்கலாம்ல? என்னை முட்டாளாக்கிட்டியே!" வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

அவள் கோபப்படவில்லை. கிட்டே வந்தாள். சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயரில், மெதுவாகக் கேட்டாள். "சிட்டு, இப்ப எங்க இருக்காராம்? நல்லா இருக்காரா?"

ஐயோ.

இவளுக்குத் தெரியாது. நான் உயிரோடு இருப்பவரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறாள். என்னிடம் சொன்ன பொய் நிஜமாகி இத்தனை வருடம் ஆனது இவளுக்கே தெரியாது.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நான் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 9

அன்று படத்தோடு நின்றுவிட்டேன். இன்றுதான் அறிவிப்பை முழுக்கப் படித்தேன். கூட வேலை செய்தவர்கள் கொடுத்தது. "வெளியூரில் மனைவியும், சிட்டு என்ற மகளும் இருக்கிறார்கள். முகவரி தெரியவில்லை."

சிட்டு. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர். அவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

நூலகப் படியில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

மார்ச் 10

அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். வாயால் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

விரல் வைத்து வாசித்தாள். தேதியில் விரல் நின்றுவிட்டது. "இவ்வளவு வருஷமாச்சா?" அந்தத் தாளை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவர்கிட்ட ஒரு சாவி இருந்துச்சுடி. அதான் பூட்டை மாத்தல" என்றாள்.

இருபத்தொன்பது வருடம். அந்தப் பூட்டை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

மார்ச் 12

ரயில் ஓட்டுநர் மறுபடி வந்தார். அண்ணன் கிடைத்துவிட்டார். வருடம் சரிதான், ஊர்தான் தப்பு.

மார்ச் 14, சனி

வேலை முடிந்து வந்தால் வாசலில் பூட்டுக்காரர். அம்மாவே கூப்பிட்டிருக்கிறாள். பழைய பூட்டைக் கழற்றி, "இதைத் தூக்கிப் போட்டுரட்டுமாம்மா?" என்று கேட்டார். அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

புதுப் பூட்டோடு மூன்று சாவிகள். அவள் ஒன்று எடுத்துக்கொண்டு எனக்கு ஒன்று கொடுத்தாள். மூன்றாவதைப் பூட்டுக்காரர் நீட்டியபோது, "நாங்க ரெண்டு பேர்தாங்க" என்றாள்.