ஒப்பரேசன் காயத்துக்கு யார் மருந்து கட்டுவது

8 பெப்ரவரி 94, செவ்வாய்

மைனஸ் பதினெட்டு. கார் ஸ்ராட் ஆகவில்லை. வேலைக்கு அரை மணி பிந்தி.

சுகந்தி ஆஸ்பத்திரியால் வந்து இன்று நாலாம் நாள். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். குறுக்கே கிடந்ததால் ஒப்பரேசன். அடிவயிற்றில் ஆறு அங்குலக் காயம். கிளிப்புகளைக் கழற்றித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஊரிலிருந்து மாமியின் (சுகந்தியின் தாய்) கடிதம் கொழும்பு சுற்றிப் போன வாரம் வந்து சேர்ந்தது. பிள்ளை பெற்ற வயிற்றை நூல் சீலையால் இறுக்கிக் கட்டவேண்டுமாம். இல்லையென்றால் வயிறு தொங்குமாம். கட்டிவிட இங்கே பெண்கள் யாரும் இல்லை. நானே கட்டினேன். நாலு சுற்று, ஒரே இழுவை, ஒரு சுருக்கமும் இல்லை. தொழிற்சாலையில் பாகங்களை அளந்து சரிபிழை சொல்பவன் கட்டிய கட்டு.

"மூச்சு விடேலாமல் கிடக்கு."

"அப்ப சரியாக் கட்டியிருக்கு."

வாங்க: பிள்ளைக்கு நப்பி, உள்ளி, சுறா (இரண்டும் பால் சுரக்க), காருக்குப் பற்றரி வயர்.

பகல் தயாளன் இரண்டு தரம் போன் எடுத்தானாம். நான் வீட்டில் இருக்கும்போது எடுக்கமாட்டான்.

9, புதன்

தயாளனைப் பற்றி ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் மண்டைக்குள் சுற்றாது. சுகந்தியின் தாய்மாமன் மகன். உரிமை மச்சான். ஊரில் மருத்துவபீடம் இரண்டு வருடம், பிறகு நாட்டுப் பிரச்சினையில் விட்டுவிட்டு வந்தவன். இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. கிழவர்களைக் குளிக்கவார்த்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவது. ஒருகாலத்தில் சு.வுக்கு அவனைத்தான் பேசினார்களாம். எனக்கு இது தெரிந்தது கலியாணத்துக்குப் பிறகு. முறைக்கு அவன் எனக்குத் தம்பி. இந்த முறைகளை வகுத்தவனை ஒருக்கால் சந்திக்கவேண்டும்.

10, வியாழன்

வேலையால் வந்தபோது சு. அறைக்குள் போனில். கதவு திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

"ஓம் மச்சான், ரெண்டு நாளாக் குளிருது... கட்டு கொஞ்சம் ஈரமாவும் கிடக்கு... இல்லை, அவருக்குச் சொல்லேல்லை. சொன்னா உடன அளக்கத் தொடங்கீடுவார்."

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோக நோகச் சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு என்னோடு ஒருமுறைகூட இல்லை.

காய்ச்சல் பார்த்தேன். 37.9. ஓம், அளந்தேன்.

தேத்தண்ணி போடும்போது போன் அடித்தது. இந்தமுறை என்னோடு கதைக்கவாம்.

"அண்ணை, அந்தக் கட்டை அவிட்டுப் பாருங்கோ. சிவந்து சூடாக் கிடந்தா இண்டைக்கே எமேர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கோ. வெட்டின வயித்திலை ஆர் உப்பிடிச் சீலை கட்டினது?"

"நான்தான்."

"இப்பவே அவிட்டுப் பாருங்கோ" என்று மட்டும் திரும்பவும் சொன்னான். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"நாளைக்குப் பாப்பம்" என்று வைத்தேன். அவன் சொல்லியிருக்காவிட்டால் அந்த நிமிடமே அவிழ்த்திருப்பேன். இது உண்மை. எழுதத்தான் வேண்டும்.

11, வெள்ளி

காலை 38.9. அவிழ்த்தேன். உள்சுற்று நனைந்து ஒட்டியிருந்தது. காயத்தைச் சுற்றி நாலு விரல் அகலம் சிவப்பு, மினுக்கம். வலப்பக்க மூலை பிரிந்து மஞ்சளாக வடிகிறது. மணம்.

மாமி எழுதியது சுகப்பிரசவத்துக்கு. ஒப்பரேசன் நடக்கும் என்று அவவுக்கு எப்படித் தெரியும்? அதை யோசிக்கவேண்டியவன் நான்.

எமேர்ஜென்சியில் நாலு மணித்தியாலம். என் வயதுப் பெண் டொக்டர். மூலையைத் திறந்து சீழ் எடுக்கவேண்டும் என்றா. வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. நானே போனேன். அவள் கத்தியது கதவுக்கு வெளியேயும் கேட்டது.

திரும்பி உள்ளே வந்தபோது டொக்டர் சீலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தா. இவ்வளவு இறுக்கி யார் கட்டியது, ஈரமும் சூடும் உள்ளே அடைபட்டுக் கிடந்திருக்கிறதே என்று.

"நான்தான் கட்டினேன்" என்று சு. ஆங்கிலத்தில் சொன்னாள்.

எனக்காகச் சொன்ன பொய். மனம் இளகியிருக்கவேண்டும். எனக்கு வந்த யோசனை வேறு: தயாளனைக் கட்டியிருந்தால் இவளுக்கு இந்தப் பொய் தேவைப்பட்டிராது.

வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துவிட்டார்கள். ஊசி வழியாக மருந்து. பிள்ளையும் அவளோடு.

12, சனி

பனி. பார்க்கிங் இல்லை. மேலே போனால் கட்டிலடியில் தயாளன். கையில் பிள்ளை. முப்பத்தொன்றாம் நாள் கழியவில்லை, பிள்ளைப்பேற்றுத் துடக்கு அவனுக்கு இல்லையாக்கும். மற்றக் கையால் கட்டிலில் தொங்கிய தாளைப் புரட்டித் தலையாட்டினான்.

"என்ன டொக்டர், ஆள் தப்புமோ?" என்றேன்.

"தப்புவா அண்ணை. ஒரு நாள் முந்தியெண்டா இன்னும் நல்லம்."

சு. யன்னலைப் பார்த்தாள். ஆக, வியாழனே அவன் எனக்குச் சொன்னது அவளுக்கும் தெரியும்.

15, செவ்வாய்

நேற்று வீடு. காய்ச்சல் இல்லை. விழுங்கக் குளிசை பத்து நாளைக்கு.

இன்று காலை நேர்ஸ் வந்தா. திறந்த இடம் மூன்று சென்ரிமீற்றர் நீளம், இரண்டரை ஆழம். அவ சொன்னபடி:

கை கழுவு, சோப்போடு.
பழைய துணியை நனைத்து மெல்ல எடு.
புதியதை உப்புத்தண்ணீரில் தோய்த்துப் பிழி.
தளர்வாக உள்ளே வை. இறுக்கி அடைக்காதே.
மேலே காய்ந்த துணி.

அடியிலிருந்து ஆறி வரவேண்டுமாம். மேல்தோல் முந்தி மூடினால் திரும்பவும் சீழ். ஒரு நாளைக்கு இரண்டு தரம். நாளையிலிருந்து அவ காலையில் மட்டும். பின்னேரம் வீட்டில் யார் செய்வது என்று கேட்டா. நான் சுவரைப் பார்த்தேன்.

அவ போனபின் சு., "மச்சானைக் கேப்பம். அவருக்குப் பழக்கம்."

"இன்னொருத்தன் உம்மடை அடிவயித்தைப் பாக்கிறதோ?"

"நீங்கள் பாக்கமாட்டியள். வெள்ளிக்கிழமை எழும்பி ஓடினனீங்கள். வேற ஆர் பாக்கிறது? இன்னொருக்கா என்னாலை வெட்டு வாங்கேலாது."

பின்னேரமும் நேர்ஸ்தான் செய்தா. நான் பிள்ளையோடு மற்ற அறையில்.

16, புதன்

மதியச் சாப்பாட்டு நேரம். வேலையிடத்துப் போன். நானே தயாளனைக் கூப்பிட்டேன். நான் எடுத்த முதல் தரம். பின்னேரம் வந்து மருந்து கட்டேலுமோ என்று கேட்டேன்.



"என்னாலை ஏலாது அண்ணை."

"உமக்குத்தானே பழக்கம்?"

"கிழடுகளின்ரை புண் எண்டா நாளுக்குப் பத்துக் கட்டுவன். அவளின்ரை ஏலாது. அவள் நோகுதெண்டு கத்தினா என்ரை கை நிண்டிடும். நீங்கள் செய்யுங்கோ." பிறகு, "இதை அவளுக்குச் சொல்லாதேங்கோ."

'அவள்' என்றான். எனக்கு முன்னால் எப்போதும் 'அவ' என்பவன்.

மிச்ச நேரம் வேலையில் இரண்டு பிழையான பாகத்தைச் சரி என்று விட்டேன். திரும்ப எடுத்தது வேறு கதை.

வீட்டுக்கு ஐந்தரைக்கு.

"மச்சான் எத்தினை மணிக்கு வாறாராம்?"

"வரமாட்டான். வேலையாம்."

முகம் விழுந்தது. கண்ணால் பார்த்தேன். அவள் நோவதை அவனால் தாங்கேலாது என்ற உண்மையைச் சொன்னால் அது அவன் அவளுக்கு அனுப்பிய பரிசாகிவிடும். அதை என் வாயால் கொடுக்கமாட்டேன்.

கை கழுவினேன், இரண்டு தரம். துணியை நனைத்தேன். எடுத்தேன். பார்த்தேன். சிவப்பு, சுத்தம், மணம் இல்லை. அவள் என் சேர்ட்டைப் பிடித்திருந்தாள்.

"இறுக்காதேங்கோ."

"இறுக்கேல்லை."

"நோகுது."

"நோகும்தான். பேசாமல் படுத்திரும்."

காய்ந்த துணியை வைத்து ஒட்டினேன். பிள்ளை அழத் தொடங்கியது. தூக்கிக்கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். பால் கொடுத்தபடி, என்னைப் பாராமல், கேட்டாள்.

"உண்மையா வேலையெண்டோ சொன்னவர்?"

ஓம் என்றேன்.