ஏழாம் நம்பருக்காக மெதுவாகச் சொன்ன செபமாலை

என்ரை இஞ்சாருங்கோ,

இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வருகுதில்லை. கடிதத்துக்கும் இதுவே இருக்கட்டும்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் கோயில் பங்குப் பத்திரிகையில் போடும்போது திருத்திவிடுவோம் என்று மடத்துச் சிஸ்டர் சொன்னா. எழுத்தைத் திருத்துங்கோ, விசயத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு எழுதுவதை ஏன் ஊருக்குக் காட்டுகிறாய் என்று கேட்பீர்கள். உங்களைக் குறை பேசினது ஊர்தானே. அவர்களும் வாசிக்கட்டும்.

வருகிற சனிக்கிழமை நீங்கள் போய் ஒரு வருடம். காலையில் பூசை. பின்னேரம் உங்கள் நினைவாக, நீங்கள் கோச்சாக இருந்த கம்பனிக் கூடைப்பந்து ரீம் ஒரு மாச் விளையாடுகிறது. எல்லாரும் கையில் கறுப்பு நாடா கட்டி இறங்குவதாகப் பேச்சு. பன்னிரண்டு துண்டு நான்தான் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். ஒன்று திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்பு மூட்ட மறந்து போகிறேன். கொட்டாஞ்சேனைத் தெருவில் எதற்கு இறங்கினேன் என்று தெரியாமல் கோயில் வாசல் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புகிறேன்.

திருப்பி அனுப்பினது பதினொன்றாம் நம்பர். அவன் பெயரை இதில் எழுதவில்லை. காலம் அப்படி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை லொட்ஜில் இருக்கிற பிள்ளை என்றால் உங்களுக்கு விளங்கும்.

இப்போது கோச் யார் தெரியுமா? என் தம்பி ஜெறோம். முழங்கால் போனபிறகு கம்பனி அவனைக் கோச்சாக்கிவிட்டது. அவனிடம் அந்தப் பிள்ளை நேரே சொல்லியிருக்கிறான்.

“விளையாடுறன் அண்ணை. நாடா கட்டமாட்டன். தன்ர மச்சானுக்காக என்னை இறக்காம வாங்கில இருத்தின மனுசனுக்கு நான் ஏன் கட்டவேணும்?”

ஜெறோமுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப சனிக்கிழமையும் வாங்கிலயே இருக்கட்டும். ஒரு நிமிசமும் இறக்கமாட்டன்” என்று நிற்கிறான். அடுத்த கிழமை லீக் தொடங்குகிறது. சனிக்கிழமை இறங்குகிற ஆட்களின் பெயரைத்தான் மனேஜர் மாத்தயா எழுதிக்கொண்டு போவார். பெயர் இல்லாவிட்டால் இந்த வருடமும் அவனுக்கு வேலை நிரந்தரமில்லை, இங்கே வேலை செய்கிறான் என்று காட்டக் கம்பனிக் கடிதம் இல்லை. கடிதம் இல்லாத யாழ்ப்பாணத்துப் பிள்ளையைச் ஆமிக்காரர் சென்றியில் மறித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வாசிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

நல்லாகக் கூடைப்பந்து விளையாடுகிறவனுக்கு நம்முடைய கம்பனி வேலை கொடுக்கும். பகலில் அலுவலகம், பின்னேரம் பந்து. புதிதாக வந்தவன் ஒரு பருவம் முழுக்க ஒழுங்காக இறங்கி விளையாடினால் அவன் நிரந்தரம். வயசு போனவனை ரீமிலிருந்து எடுத்தால் அவனை வத்தளை ஸ்டோருக்கு மூட்டை இறக்க அனுப்பிவிடுவார்கள். போன பருவம் ஏழாம் நம்பர் ஜெறோமுக்கு வயசு முப்பத்தாறு, பதினொன்றாம் நம்பர் பிள்ளைக்கு இருபது. இரண்டு பேருக்கும் ஒரே இடம். யாரை எவ்வளவு நேரம் விடுவது என்பதுதான் உங்களுடைய தலைவலி. ஜெறோமுக்கு அனுபவம் இருந்தது, முழங்கால் இல்லை. அவனுக்குக் கால் இருந்தது, அனுபவம் இல்லை. ஜெறோம் தொடங்கட்டும், களைக்க முதல் வெளியே எடு, பிள்ளை ஓடட்டும், கடைசியில் மறுபடி ஜெறோம். அதுதான் உங்கள் திட்டம். திட்டத்தில் ஒரு பிழையுமில்லை.

ஆனால் மாச் தொடங்கினால் உங்களுக்கு மணிக்கூடும் தெரியாது, மழையும் தெரியாது. கையில் கட்டியிருக்கிற மணிக்கூட்டைப் பார்க்கவே மறந்துபோவீர்கள். அதைக் கழற்றி என் கையில் தந்தீர்கள். நானும் மறந்துபோனேன். உங்கள் வாங்குக்குப் பின்னால் இருந்து செபமாலை சொல்லுகிறவளுக்கு மணிக்கூட்டைப் பார்க்க எங்கே நேரம்?

“சரி, அப்ப செபமாலையையே சொல்லு” என்றீர்கள். “நீ பத்து மணி உருட்டி ஒரு பத்துச் சொல்ல மூண்டு நிமிசம். நான் பாத்து வைச்சிருக்கிறன்.”

“செபத்தை ஆரும் நிமிசம் பாப்பினமோ?”

“மாதா கோவிக்கமாட்டா. அவவுக்கும் நாங்கள் வெல்லுறதுதானே விருப்பம். மூண்டு பத்து முடிய எனக்குச் சொல்லு, நான் ஜெறோமை எடுக்கிறன். பிறகு மூண்டு பத்து அந்தப் பெடியனுக்கு.”

அப்படித்தான் தொடங்கியது. நீங்கள் திரும்பாமலே “முடிஞ்சுதோ?” என்பீர்கள். நான் “ஓம்” என்றால் கையைத் தூக்கி ஆளை மாற்றுவீர்கள். எண்ணிப் பார்த்ததேயில்லை. பெண்சாதியின் செபத்தை யார் எண்ணிப் பார்ப்பான்?

பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளில், நான் சமைத்துக்கொண்டிருக்க ஜெறோம் எங்கள் குசினிக்கு வந்தான். நீங்கள் வீட்டில் இல்லை. “அக்கா, அந்தப் பெடியன் நல்லா வாறான். எனக்கு நேரம் குறைஞ்சா அடுத்த வருசம் ஸ்டோர்தான். இந்தக் காலோட மூட்டை தூக்கேலுமே? எனக்கு மூண்டு பெட்டைப் பிள்ளையள் இருக்கு” என்றான். அத்தானிடம் கதை என்று அவன் கேட்கவில்லை. நானும் உங்களிடம் கதைக்கவில்லை. கதைத்தால் நீங்கள் ஓம் என்று சொல்லமாட்டீர்கள் என்று தெரியும்.

அடுத்த மாச்சில் ஜெறோம் இறங்கினபோது என் வாய் தானாக மெதுவானது. ஒவ்வொரு பத்துக்கும் பிறகு செத்த ஆத்துமாக்களுக்கு ஒன்று, கடலில் போனவர்களுக்கு ஒன்று, மறியலில் அடைபட்டிருக்கிறவர்களுக்கு ஒன்று என்று கூட்டிச் சொன்னேன். நீங்கள் “முடிஞ்சுதோ?” என்றீர்கள். “இன்னும் இல்லை” என்றேன். அது பொய்யில்லை, முடியத்தான் இல்லை. பிள்ளை இறங்கினதும் மணிகள் விரலுக்குள் நிற்கவில்லை, செபத்தை அப்படி ஓட்டினேன். முதல் நாள் தானாக வந்தது. அதற்குப் பிறகு எல்லா நாளும் வேண்டுமென்றே செய்தேன்.

பார்க்க வந்த சனத்துக்குத் தெரிந்துவிட்டது. சுவரோடு நின்று விசிலடிக்கிற துறைமுகத்துப் பெடியன்கள் கத்தினார்கள்: “மச்சான் இறங்கினா கோச்சின்ர மணிக்கூடு நிண்டுபோகும்.” அன்றைக்கு வரும்போது நீங்கள் கேட்டது இன்னும் காதுக்குள் கிடக்கிறது.

“நான் ஜெறோமின்ர பக்கம் சாயுறனோ? சரியாச் சொல்லு, திரேசா.”

“சனம் கதைக்கும். விடுங்கோ.”

அப்போதாவது வாயைத் திறந்திருந்தால் என்ன? ஏன் திறக்கவில்லை? ஒரு வருடமாக இதைத்தான் என்னை நானே கேட்கிறேன்.

கடைசி மாச்சில் எடுக்கவேண்டிய நேரத்துக்கு எடுக்காததால் ஜெறோமின் முழங்கால் மடங்கிப்போனது. அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் கையில் மூன்று பத்து எப்போதோ முடிந்து, உங்களுக்குச் சொல்லாமல் ஐந்தாவது பாதியில் நின்றது. பிள்ளை இறங்கி விளையாடின நேரம் காணாது என்று மாச் தாளில் பார்த்து மனேஜர் அவனை நிரந்தரமாக்கவில்லை. கையிலிருந்த கம்பனிக் கடிதத்தின் தவணையும் முடிந்துபோனது. அந்த மாதமே விடியற்காலையில் பொலிசார் லொட்ஜைச் சுற்றிவளைத்து அவனைக் கொண்டுபோனார்கள். மறியலில் இருக்கிறவர்களுக்கு என்று செபத்தை நீட்டி நீட்டியே ஒரு பிள்ளையை அங்கே அனுப்பினவள் நான்.

பத்து நாள். ரீம் எடுத்த படத்தை ஒரு பைல் மட்டைக்குள் வைத்துக்கொண்டு நீங்கள் பொலிஸ் நிலையம் நிலையமாக ஏறினீர்கள். “மே லமயா அபே டீம் எகே” என்று சிங்களத்தில், அந்தப் பிள்ளை எங்கள் ரீம்தான் என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள். கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவன் உங்களோடு ஒரு வார்த்தை கதைக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டான். நீங்கள் போட்டிருந்த சேட்டுக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து, “என்ர கண் பிழைச்சுப்போச்சு. ஆளைப் பாத்து எடுக்க எனக்குத் தெரியேல்லை” என்றீர்கள். அடுத்த நாள் கோச் வேலையை விட்டீர்கள். மூன்றாம் கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இருந்துவிட்டீர்கள். எழும்பவேயில்லை.

உங்கள் கண் பிழைக்கவில்லை. பிழைத்தது என் வாய்.

செவ்வாய்க்கிழமை இதை ஜெறோமிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “தெரியும் அக்கா” என்றான். “விளையாடிக்கொண்டிருக்கேக்க உன்ர கையைப் பாப்பன். அசையாது.” பத்திரிகையில் போடப்போகிறேன் என்றதும் நிமிர்ந்தான். “விசரே உனக்கு? அதுக்குப் பிறகு நான் கோச்சா நிக்கேலுமோ?”

“நிக்கேலாட்டி வாங்கில இரு. அந்தப் பிள்ளை ஒரு வருசம் இருந்தது.”

சொல்லிவிட்டேன். சொன்னபிறகு அவன் நொண்டிக்கொண்டு படி இறங்க, கை கொடுக்கப் பின்னால் ஓடினேன். என் தம்பிதானே. நான்தானே அந்தக் காலையும் உடைத்தேன்.

நேற்று பஸ் எடுத்து வெள்ளவத்தைக்குப் போனேன். லொட்ஜின் கீழ்க்கடையில் அந்தப் பிள்ளை தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் நாடா விசயமாக்கும் என்று நினைத்து, “அன்ரி, சொல்லிப்போட்டன், நான் கட்டமாட்டன்” என்றான்.

“அதுக்கு வரேல்லை, தம்பி.”

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் சத்தத்தில் இரண்டு முறை சொல்லவேண்டி வந்தது. அவன் கிளாசைக் கையில் வைத்தபடி கேட்டான். ஏசுவான் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“கோச் சேருக்கு இது தெரியுமோ?”

“தெரியாது.”

“கடைசி வரைக்கும்?”

“ஓம்.”

“பத்து நாளும் அந்த மனுசன் பொலிஸ் பொலிசா என்னைத் தேடினது, அன்ரி. வெளியில கூட்டிக்கொண்டு வர, நான் முகத்தைத் திருப்பிப்போட்டன்.” கிளாசைக் கடை மேசையில் வைத்தான். “என்னட்ட வந்து சொல்லி என்ன? சேரிட்டையெல்லோ சொல்லியிருக்கோணும்.”

திரும்பிப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து இந்தக் கொப்பியை எடுத்தேன்.

அதுதான் சொல்லுகிறேன். நீங்கள் ஒருபக்கம் சாயவில்லை. சாய்ந்தது நான். கேட்கிறதா உங்களுக்கு? கேட்டு என்ன சொல்வீர்கள்? கோபம் வந்தால் நீங்கள் பேசாமல் வெளியே போய்விடுவீர்கள். இப்போது போக எங்கே இடம் இருக்கிறது?

சனிக்கிழமை மாச் தொடங்க முதல், மனேஜர் மாத்தயாவும் இருக்கும்போது, என் வாயால் எல்லார் முன்னாலும் சொல்லுவேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவருக்கும் சொல்லுவேன். நாடா கட்டச் சொல்லி அந்தப் பிள்ளையைக் கேட்கமாட்டேன். அவனை முதலிலேயே இறக்கு என்று மட்டும் ஜெறோமிடம் கேட்பேன். உங்களுக்காக இல்லை. அவனுக்கு விளையாட வரும், அதற்காக. நீங்களும் அதைத்தான் பார்த்தீர்கள்.

ஒரு பருவம் முழுக்க ஜெறோமுக்கு அக்காவாக மட்டும் இருந்துவிட்ட
உங்கள் பெண்சாதி,
திரேசா