பழம் கட்டாத வண்டி

புதுப்பட்டி, திருமங்கலம் வழி
3.10.1983

ஆண்டவருக்குள் பிரியமான பேரன் தேவஇரக்கத்துக்கு, அப்பத்தா ஞானப்பூ தன் கைப்பட எழுதுவது.

நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் கார்டு கிடைத்தது. நான் கேட்டது உன் சுகத்தை, நீ எழுதியிருப்பது பஸ்ஸின் சுகத்தை. புது டயர் போட்டதைப் பற்றி ஆறு வரி, நீ சாப்பிட்டதைப் பற்றி ஒரு வரி. ஆறு வயதில் இருந்து வளர்த்தவளுக்கு இதுவா கணக்கு.

மதுரை அலங்காநல்லூர் ரோட்டில் என் பேரன் பஸ் ஓட்டுகிறான் என்று பெண்கள் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். "இத்தோட நாலாவது தடவ சொல்றீங்க பாட்டி" என்று போதகரம்மா சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் பஸ் ஓட்டுகிறவர் யாரும் இல்லை.

உன் வண்டியில் எப்போது ஏறுவேன் என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். உன் அப்பன் லாரி விபத்தில் போன நாளில் இருந்து ரப்பர் சக்கரம் போட்ட எதிலும் நான் ஏறுவதில்லை என்று உனக்கே தெரியும். பதினெட்டு வருஷமாக எனக்கு ரயிலும் காலும் போதும்.

எழுத வந்தது வேறு. ஆயுத பூசை வருகிறது. ஷெட்டில் எல்லா வண்டிக்கும் வாழை கட்டுவார்கள், பொட்டு வைப்பார்கள், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து டிரைவரை நசுக்கச் சொல்வார்கள். நீ வண்டியைக் கழுவு, துடை, மற்றவர்கள் வண்டியையும் கழுவிக் கொடு. ஆனால் பொட்டு வைத்துக்கொள்ளாதே, பழத்தின் மேல் ஏற்றாதே. நம்மைக் காக்கிறவர் ஒருவர் இருக்கிறார், பழம் எதற்கு. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், ஆனால் இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

உன் அப்பத்தா
ஞானப்பூ


கே.கே. நகர், மதுரை
18.10.1983

அன்புள்ள அப்பத்தாவுக்கு தேவஇரக்கம் எழுதியது.

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். இரண்டாவது வரியிலேயே எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பூசை நடந்தது. நீங்கள் சொன்னபடி வெள்ளிக்கிழமையே மூன்று வண்டியைக் கழுவினேன். பூசை நேரத்தில் ஓரமாக நின்றேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பழம் வைக்கும்போதுதான் முதலாளி உக்கிரபாண்டி ஐயா கூப்பிட்டார். "ஏறி எடுப்பா" என்றார். "வண்டிய எடுக்கிறேன் ஐயா, பழத்த மட்டும் எடுத்துருங்க" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பயந்துபோனார். "எப்பா, நாப்பது பேரு ஏறுற வண்டிப்பா. உன் சாமிக்குப் பிடிக்காதுன்னா நீ கும்பிட வேணாம். எனக்காக ஒருக்கா ஏத்து" என்று கெஞ்சினார். நான் மாட்டேன் என்றேன். என் வண்டி மட்டும் பழம் நசுக்காமல் வெளியே வந்தது. முகப்பிலும் பழம் கட்டவில்லை.

"கார்த்திகை முடியிற வரைக்கும் பாப்பேன். வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் சாவிய வச்சிட்டுப் போயிரு" என்று சொல்லிவிட்டார். கண்டக்டர் வெள்ளைத்துரை, நம் பக்கத்து வீட்டு அழகம்மாள் பெரியம்மா மகன், எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவன், அவனே சிரிக்கவில்லை. "மாப்ள, உனக்கு தைரியம் சாஸ்தி. எனக்கு அம்புட்டு இல்ல" என்றான்.

நேற்று ஒரு அம்மா ஏறி, முகப்பைப் பார்த்துவிட்டு, "பழம் எங்க?" என்று கேட்டு இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றார்கள்.

தங்கள் பேரன்
தேவஇரக்கம்


புதுப்பட்டி
24.10.1983

பிரியமான பேரனுக்கு,

உன் கடிதத்தைச் சங்கத்தில் நின்றுகொண்டு வாசித்தேன். "உன் சாமிக்குப் பிடிக்காதுன்னா" என்று உன் முதலாளி சொன்ன இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். எல்லாரும் உனக்காக ஜெபித்தார்கள். நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

வந்த பிறகு ஒன்று தோன்றியது. உன் வண்டி ஒரு நாளைக்கு எத்தனை தரம் போய் வருகிறது? வழியில் வாய்க்கால் பாலம் எத்தனை? மழை நாளில் ஓட்டத்தான் வேண்டுமா, வேறு ஆள் இருக்கிறதா? சும்மா கேட்கிறேன். இந்த வருஷம் ஐப்பசி மழை பலமாக இருக்கும் என்கிறார்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரு கார்டு போடு. உள்ளே ஒன்றும் எழுத வேண்டாம், உன் பெயர் இருந்தால் போதும்.

அப்பத்தா ஞானப்பூ


மதுரை
8.11.1983

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

மற்றவர் வாயால் உங்களுக்கு வருவதற்கு முன் நானே எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை.

முந்தாநாள் காலை நல்ல மழை. அலங்காநல்லூருக்கு ஒரு மைல் இருக்கும்போது ஒரு சல்லிக்கட்டுக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனது. முன்சக்கரம் கரையில் ஏறி நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் எனக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது. உள்ளே நாற்பத்தி இரண்டு பேர், ஒரு சத்தம் இல்லை. பிறகு எல்லாரும் ஒன்றாக அழுதார்கள்.

காளைக்காரர், சோணை என்று பெயர், கயிறோடு ஓடி வந்து முதலில் கேட்டது, "டிரைவரே, காளைக்கு ஒண்ணும் ஆகலைல்ல?" வெள்ளைத்துரை அவரை அடிக்கப் போனான்.

பம்பரில் ஒரு நெளிவு. ஷெட் மேஸ்திரி மலையாண்டி அண்ணன் முதலாளி பார்ப்பதற்கு முன் தட்டிச் சரிசெய்துவிட்டார். ஆனால் நாற்பத்தி இரண்டு வாயை யார் மூடுவது? பழம் கட்டாத வண்டி என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பேச்சு. முதலாளி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்கு உதறலாக இருக்கிறது.

அப்பத்தா, ஸ்டியரிங்கைப் பிடித்தால் இரண்டு நாளாகக் கை நடுங்குகிறது. ஜெபித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். ஏறின பிறகும் நடுங்குகிறது. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். அப்பா லாரியில் பழம் கட்டியிருந்ததா, இல்லையா?

தேவஇரக்கம்


புதுப்பட்டி
12.11.1983

பேரனுக்கு,

காளைக்கும் மழைக்கும் நீ என்ன செய்வாய். நாற்பத்தி இரண்டு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள், அதற்கு நன்றி சொல். உன் அப்பனைப் பற்றிக் கேட்டாய். பழைய கதை, அதை ஏன் கிளறுகிறாய். நீ உன் வேலையைப் பார்.

வெள்ளைத்துரை ஊருக்கு வந்திருந்தான். அவனிடம் முறுக்கும் கருப்பட்டியும் கொடுத்துவிட்டிருக்கிறேன். முறுக்கை ஷெட்டில் எல்லாருக்கும் கொடு.

ஞானப்பூ


மதுரை
21.11.1983

அப்பத்தாவுக்கு,

முறுக்கு வந்தது. கூடவே நீங்கள் எனக்குச் சொல்லாமல் கொடுத்துவிட்ட இன்னொன்றும் வந்தது.

இன்று காலை மலையாண்டி அண்ணன் ஆரனைச் சரிபார்க்க முன் பலகையைக் கழற்றினார். உள்ளே ஒரு எலுமிச்சம்பழம், குங்குமத்தோடு, மஞ்சள் துணியில் முடிந்து கட்டியிருந்தது. வெள்ளைத்துரையைப் பிடித்துக் கேட்டார்கள். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். "அவங்க அப்பத்தாதான் குடுத்துவிட்டாங்க. மாப்ளைக்குத் தெரியாம வைக்கச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டான்.

ஷெட்டே சிரித்தது. முதலாளிக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு முகத்தில் வெளிச்சம் வந்தது. "உன் கெழவிக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லையேப்பா. இனிமே எனக்கு பயமில்ல, நீ பாட்டுக்கு ஓட்டு" என்று தோளில் தட்டினார்.

என் வேலை இனிப் போகாது. உங்களுக்குச் சந்தோஷம்தானே?

நான் அத்தனை பேர் முன்னால் நின்று மாட்டேன் என்று சொன்னது உங்கள் வார்த்தைக்காக, அப்பத்தா. எனக்கு என்று அவ்வளவு விசுவாசம் இருந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. உங்களுடையதைக் கடன் வாங்கித்தான் நின்றேன். இப்போது அது உங்களிடமே இல்லை என்றால் நான் எங்கே போவேன்?

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

தேவஇரக்கம்


புதுப்பட்டி
25.11.1983

என் ராசாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழிப்பதானால் வாசித்துவிட்டுக் கிழி.

உன் அப்பன் லாரியில் பழம் கட்டியிருந்தது. கிளீனர் கட்டினது. அன்று மத்தியானம் லாரியை நம் தெருவில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தான். நான் அதைப் பார்த்தேன். சங்கத்துக்குக் காரியதரிசி நான், என் மகன் வண்டியில் பழமா என்று, தெருவே பார்க்க அதைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தேன். அவன் சிரித்தான். "போகுதும்மா, கிளீனர் மனசுதான் சங்கடப்படும்" என்றான். நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் விருதுநகர் ரோட்டில் புளியமரத்தில் மோதினான்.

அன்றைக்குத் தெருவில் எல்லாரும் அந்தப் பழத்தைப் பேசினார்கள். நான் நிமிர்ந்தே நடந்தேன். கர்த்தர் கொடுத்தார், எடுத்தார் என்று கண்ணீர் விடாமல் சாட்சி சொன்னேன். அவ்வளவும் வெளியே. உள்ளே, பதினெட்டு வருஷமாக, நான்தான் பிய்த்தேன், நான்தான் பிய்த்தேன் என்று ஒரு குரல். ஜெபத்தில் கூட அதை நான் சொன்னதில்லை. சொன்னால் ஆமாம் என்று பதில் வந்துவிடுமோ என்று பயம்.

உன்னையும் பழம் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். நீ வாய்க்கால் கரையில் நின்ற கடிதம் வந்தது. முக்காடு போட்டுக்கொண்டு அழகம்மாள் வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். அய்யனார் காலில் வைத்து ஒரு பழம் வாங்கித் தா என்று கேட்டேன். இத்தனை வருஷம் அவள் கொடுத்த பொங்கலைக் கூடச் சாமிக்குப் படைத்ததா என்று விசாரித்து வாங்கினவள் நான்.

அவள் சிரிக்கவில்லை. "பழம் தாரேன்க்கா. ஆனா ஒண்ணு சொல்லவா? அன்னைக்குப் பழத்துனால இல்ல. உன் மகன் எங்க வீட்டுலதான் தண்ணி வாங்கிக் குடிச்சான். மூணு நாளாத் தூங்கல, லோடு அவசரம்னு சொன்னான். கண்ணு ரெண்டும் ரத்தமா இருந்துச்சு. படுத்து எந்திரிச்சுப் போடான்னேன், கேக்கல" என்றாள். "ஏண்டி இத்தன நாளாச் சொல்லல?" என்றேன். "நீ கேட்டியா? உன்கிட்ட யாரு பேச முடியும்?" என்றாள்.

கேட்டும் அந்தப் பழத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பயத்துக்குக் காது இல்லை ராசா. என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவனின் கண்ணை நான் பார்க்கவில்லை, லாரியின் முகப்பைத்தான் பார்த்தேன். இதுதான் என் பாவம், பழம் இல்லை.

அதை என்ன செய்தாய் என்று நீ எழுதவில்லை. கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஞானப்பூ


மதுரை
1.12.1983

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

கிழிக்கவில்லை. நான்கு தரம் வாசித்தேன்.

நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள், நானும் எழுதுகிறேன். உங்கள் மேல் அவ்வளவு கோபப்பட்டு எழுதினேனே, அன்று அந்தப் பழத்தை எடுத்து எறிந்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. மலையாண்டி அண்ணனிடம் பலகையை மூடச் சொன்னேன். தெரிந்தே ஒன்பது நாள் அதோடு ஓட்டினேன். முதல் நாளே கை நடுக்கம் நின்றுவிட்டது. என் கோபம் பாதி அதனால்தான்.

உங்கள் கடிதம் வந்த அன்று பலகையைக் கழற்றி எடுத்தேன். காய்ந்து சுருங்கியிருந்தது. எறிய மனம் வரவில்லை. வெள்ளைத்துரையிடம் கொடுத்து, அவன் அம்மாவிடமே சேர்க்கச் சொன்னேன். முதலாளியிடமும் நானே போய், பழம் இப்போது வண்டியில் இல்லை என்று சொன்னேன். அவர், "பழம் இல்லாத வண்டியில உன் கெழவி ஏறுமா? ஏறுனா நான் வாயத் தெறக்கல" என்றார்.

அதற்காக உங்களைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் காரணம், நடுக்கம் திரும்பி வந்துவிட்டது. 10ஆம் தேதி சனிக்கிழமை ரயிலில் மதுரைக்கு வாருங்கள். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே பஸ் ஸ்டாண்டு. என் வண்டி காலை பத்தரைக்கு. எனக்கு இடது கைப் பக்கம் ஒரு ஒற்றை சீட்டு இருக்கிறது. அதில் யாரையும் உட்கார விடமாட்டேன். வர முடியாவிட்டாலும் கோபம் இல்லை.

தேவஇரக்கம்


புதுப்பட்டி
5.12.1983

பேரனுக்கு,

கார்டுதான் கிடைத்தது, சுருக்கமாக எழுதுகிறேன். வாரேன்.

அழகம்மாளும் வருகிறாளாம். ஒத்தையில் ஏற மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் முந்தானையில் ஏதும் முடிந்திருக்கிறாளா என்று நான் பார்க்கப்போவதில்லை. அவள் பயம் அவளுக்கு. பெண்கள் சங்கத்திலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பிய்த்ததையும் வாங்கினதையும். காரியதரிசி வேலையை வேறு ஆள் பார்க்கட்டும் என்றேன். போதகரம்மா இந்த முறை சிரிக்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

பயம் போகவில்லை. அது போன பிறகு ஏறலாம் என்றால் என் ஆயுசு பத்தாது. நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் வருவேன், நீ திரும்பிப் பார்க்காதே, ரோட்டைப் பார். ஆரனை மெதுவாக அடி.

வெள்ளிக்கிழமை வேறு யார் கூப்பிட்டாலும் வண்டி எடுக்காதே. நேரத்தோடு சாப்பிட்டு, படுத்துத் தூங்கு.

அப்பத்தா